ஆறிய குழியில் ஒரு உருண்டை

கேள்வி: அப்பாவுக்குக் காசநோய் குணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது சளியில் ரத்தம். டாக்டர் ‘பூஞ்சை’ என்கிறார். கிரிவலப் பாதைத் தூசியாலா? — வாசகி, திருவண்ணாமலை

பதில்: தூசி மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து எங்கும் காற்றில் இருக்கிறது; பூசணம் பிடித்த வைக்கோலில் இன்னும் அதிகம். காசநோய் நுரையீரலில் விட்டுப்போன குழி அதற்கு வாடகையில்லாத வீடு. சி.டி. ஸ்கேனில் குழிக்குள் உருண்டையாகத் தெரியும். குப்புறப் படுக்கவைத்து எடுத்தால் சில சமயம் அது உருண்டு இடம் மாறியிருக்கும்!

காசநோய் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை பழைய, செத்த கிருமியையும் காட்டிவிடலாம். அதனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் சளியைக் கொடுங்கள். பூஞ்சைக்கு ரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் சோதனை.

இரண்டும் சேர்ந்திருந்தால்தான் தலைவலி. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், பூஞ்சைக்கான இட்ரகோனசோலை ஈரலில் வேகமாகச் சிதைத்துவிடும். இரண்டு மருந்துச் சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். இட்ரகோனசோல் குறைந்தது 6 மாதம். காப்ஸ்யூல் என்றால் சாப்பாட்டோடு. அசிடிட்டி மாத்திரை சேர்ந்தால் காப்ஸ்யூல் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. உருண்டை ஒன்றே ஒன்று, உடம்பும் தாங்கும் என்றால் அறுவை சிகிச்சையும் உண்டு.

ரத்தம் ஸ்பூன் கணக்கில் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.