தண்ணீருக்கும் ஒரு மனை வேண்டும்

நம்பிக்கை: சென்னையில் மழை குறைவு, அதனால்தான் தண்ணீர்ப் பஞ்சம்.

உண்மை: சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எப்போதும் நசநசவென்று தூறும் லண்டனில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் நம் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் ஏரி வெட்டினார்கள். நாம் தூர்த்து மனை போட்டோம். மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் இன்று தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் ஏரி போய், 'லேக் வியூ ரோடு' என்ற பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. 2015 டிசம்பரில் மூழ்கிய ஊருக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்தது. நடுவே நாலு வருஷம்கூட முழுதாகப் போகவில்லை.

நம்பிக்கை: பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வெறும் சேறு, வளரும் நகரத்துக்கு வீண் இடம்.

உண்மை: ஊர்க்காரர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்ல இறங்கும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. குப்பைமேடு, சாலை, ஐடி வளாகம் என்று தின்றது போக, 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,250 ஹெக்டேர். இப்படிப்பட்ட இடத்துக்கு அரசுப் பதிவேட்டில் புறம்போக்கு என்று பெயர்; எல்லாருக்கும் பொதுவான நிலம் என்று பொருள். அதை வசைச்சொல் ஆக்கியவர்கள் நாம்தானே!

நம்பிக்கை: மழைநீர் வடிகாலை அகலமாக்கினால் வெள்ளமே வராது.

உண்மை: தெரு சீக்கிரம் வடியும், சரி. ஆனால் கடல் பொங்கி நிற்கும் நேரத்தில் கூவமும் அடையாறும் எங்கே போய்க் கொட்டும்? அப்படியே வடிந்தாலும், கார்த்திகையில் கடலுக்கு அனுப்பியதைத்தான் சித்திரையில் லாரிக்காரரிடம் விலைக்கு வாங்குகிறோம்.

நம்பிக்கை: பக்கத்திலேயே கடல் இருக்கக் கவலை எதற்கு?

உண்மை: நெம்மேலியில் 2013இல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் உப்பைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும்.

மொட்டைமாடியில் விழும் மழைக்குக் கரண்ட் பில் கிடையாது. 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் பத்துக்கும் மேல். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். உங்கள் வீட்டுக் குழியைக் கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள்? ஐப்பசி பிறப்பதற்குள் மூடியைத் திறந்து பாருங்கள்.