மோட்டாருக்கு ஒரு டைமர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 12 வோல்ட் குட்டி பம்ப் 30 விநாடி ஓடித் தானாக நிற்க வேண்டும். பாலிடெக்னிக் புராஜெக்ட்டுக்காகவும் மாடித் தோட்டத்துக்காகவும் பலர் கை வைக்கும் சர்க்யூட் இது. பிரெட்போர்டில் எல்இடியை வைத்துப் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்யும். மோட்டாரை மாட்டியதும் வம்பு தொடங்கும். நேரத்தை எண்ணுவது ஒரு வேலை, மோட்டாரின் மின்னோட்டத்தைச் சுமப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே பாகத்தின் தலையில் கட்டப் பார்ப்பதே பாதித் தோல்விக்குக் காரணம்.

கணக்குக்காக ஒரு பிரஷ் மோட்டாரை எடுத்துக்கொள்வோம்: ஓடும்போது 250 மில்லிஆம்பியர் இழுக்கும்; அதன் சுருளின் தடை 8 ஓம்.

நம்பிக்கை 1: மோட்டாருக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டர் போட்டால், சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும்.

உண்மை: ஓடும், ஆனால் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. 250 மில்லிஆம்பியர் இழுக்கும் மோட்டார், 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 12 வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 0.05 விநாடியில் காலி செய்துவிடும். 6 வோல்ட்வரை இறங்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் 30 விநாடிக்குச் சுமார் 1.25 ஃபாரட் வேண்டும். அதாவது அதே கெப்பாசிட்டரில் 1250. மோட்டாருக்குத் தீனி போடும் வேலையைக் கெப்பாசிட்டரிடம் கொடுக்கக் கூடாது. நேரம் காட்டும் வேலை மட்டும் போதும்.

நம்பிக்கை 2: ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கினால் வருவதுதான் தாமத நேரம்.

உண்மை: அந்தப் பெருக்கல் தருவது, கெப்பாசிட்டர் 63 சதவீதம் நிரம்ப ஆகும் நேரத்தை. உங்கள் சர்க்யூட் எந்த மின்னழுத்தத்தில் விழித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உண்மையான தாமதம். சாதாரண ட்ரான்சிஸ்டரின் பேஸ் 0.7 வோல்ட்டிலேயே விழித்துவிடும். 12 வோல்ட் சப்ளையில் அந்த அளவை எட்ட, பெருக்கலில் வந்த நேரத்தில் பதினேழில் ஒரு பங்கு போதும். ஒரு நிமிடம் எதிர்பார்த்தவருக்கு நாலு விநாடிகூடக் கிடைக்காது.

பேஸுக்குப் பதிலாக மாஸ்ஃபெட்டின் கேட்டில் நேரே கெப்பாசிட்டரைக் கட்டினால் வேறொரு தொல்லை. கேட் மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். மாஸ்ஃபெட்டும் மெல்ல மெல்லத் திறக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும், மாஸ்ஃபெட் சூடேறும். ‘டக்’கென்று திறந்து ‘டக்’கென்று மூட ஓர் ஒப்பீட்டுச் சுற்று வேண்டும். ஹான்ஸ் கமென்சிண்ட் 1971-இல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த 555 டைமர் ஐசி இன்றும் கடைகளில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கெப்பாசிட்டர் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் அது சட்டென்று முடிவெடுக்கும். அதனால் அதன் கணக்கு 1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர். 270 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் போட்டால் 29.7 விநாடி.

நம்பிக்கை 3: பேட்டரி இறங்கினால் 555-இன் நேரமும் மாறிவிடும்.

உண்மை: பெரிதாக மாறாது. சப்ளை குறைந்தால் கெப்பாசிட்டர் நிரம்பும் வேகம் குறையும். எட்ட வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு அளவும் அதே விகிதத்தில் இறங்கிவிடும். நேரம் பிசகுவது கெப்பாசிட்டரால்தான். எலக்ட்ரோலிடிக் வகையில் 20 சதவீத ஏற்ற இறக்கம் சகஜம். 30 விநாடி என்று போட்டது 24-ஆகவும் இருக்கலாம், 36-ஆகவும் இருக்கலாம். ரெசிஸ்டரோடு ஒரு பிரீசெட்டைச் சேர்த்துவிட்டால் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

நம்பிக்கை 4: 555 தானே 200 மில்லிஆம்பியர் தரும், சின்ன மோட்டாரை நேரே மாட்டலாம்.

உண்மை: மோட்டார் சுழலும்போது தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது அதுதான். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அது கிடையாது. சுருளின் தடை மட்டுமே எதிர்நிற்கும். நம் மோட்டாரில் 12-ஐ 8-ஆல் வகுத்தால் 1.5 ஆம்பியர். ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு! பம்பில் தூசி அடைத்து நின்றுபோனாலும் இதே கதைதான். டைமருக்குப் பின்னால் வரும் சுவிட்சைத் தொடக்க மின்னோட்டத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 100 மில்லிஆம்பியர் மட்டுமே தாங்கும் பிசி547 இங்கே பலியாகும். டிஐபி122 தாங்கும், ஆனால் டார்லிங்டன் என்பதால் ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தானே விழுங்கும். ஐஆர்எஃப்இசட்44என் போன்ற மாஸ்ஃபெட் தாராளம். 12 வோல்ட்டில் இயங்கும் 555 அதன் கேட்டுக்குப் போதுமான அழுத்தத்தைத் தந்துவிடும். ரிலே பிடிக்கும் என்றால் அதையும் போடலாம்: 12 வோல்ட் சுகர் க்யூப் ரிலேயின் சுருள் 30 மில்லிஆம்பியர் அளவே கேட்கும்.

நம்பிக்கை 5: டையோடு ஒரு கூடுதல் சௌகரியம், இல்லாவிட்டாலும் ஓடும்.

உண்மை: முதல் சில தடவை ஓடும். சுருளில் பாயும் மின்னோட்டம் திடீரென்று நிற்க மறுக்கும். சுவிட்ச் அணைந்த அந்த நொடியில் வழி தேடி, சப்ளையைவிடப் பல மடங்கு மின்னழுத்தத்தை எழுப்பும். அது ட்ரான்சிஸ்டரைத் துளைக்கும். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு 1என்4007, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி மாட்டினால் போதும். தலைகீழாக மாட்டினால் சுவிட்ச் ஆன் ஆனதும் நேரடி ஷார்ட். ரிலே வைத்தால் ரிலேயின் சுருளுக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

நம்பிக்கை 6: ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெரிதாக்கிக்கொண்டே போனால் எத்தனை மணி நேரமும் கிடைக்கும்.

உண்மை: 1 மெகா ஓம், 1000 மைக்ரோ ஃபாரட் என்றால் தாளில் 18 நிமிடம் வரும். ஆனால் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் சற்றே ஒழுகும். 16 வோல்ட் வகைக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாக அனுமதிக்கும் ஒழுக்கு 160 மைக்ரோ ஆம்பியர்வரை. 8 வோல்ட்டை நெருங்கும்போது அந்த 1 மெகா ஓம் வழியாக உள்ளே வருவதோ வெறும் 4. நல்ல கெப்பாசிட்டர் அவ்வளவு ஒழுகாது என்றாலும் நம்பி இறங்க முடியாது. ஒழுக்கு மிஞ்சினால் டைமர் நிற்கவே நிற்காது. நீண்ட நேரத்துக்கு எண்ணும் ஐசிதான் வழி. சிடி4060-இல் 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியஸ்டர் கெப்பாசிட்டரும் 430 கிலோ ஓமும் போட்டால், 0.1 விநாடித் துடிப்பை 8192 முறை எண்ணி, பதின்மூன்றரை நிமிடம் கழித்துக் கடைசி வெளியீட்டை உயர்த்தும்.

நம்பிக்கை 7: டைமர் தாறுமாறாக ஓடினால் ஐசி போய்விட்டது.

உண்மை: பெரும்பாலும் இல்லை. பிரஷ்கள் பொறி விடும். தொடக்க மின்னோட்டம் சப்ளையை ஒரு கணம் கீழே இழுக்கும். அந்த அதிர்ச்சியையே பொத்தான் அழுத்தம் என்று 555 எடுத்துக்கொள்ளும். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக், ஐசியின் சப்ளைக் கால்களை ஒட்டி 100 மைக்ரோ ஃபாரட், ஐந்தாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட். மோட்டாருக்கும் ஐசிக்கும் பேட்டரியிலிருந்தே தனித்தனி ஒயர். இன்னொன்று: குறித்த நேரம் முடிந்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் 555 நிற்காது. அது பழுது அல்ல, அதன் இயல்பு.

நம்பிக்கை 8: மைக்ரோ கன்ட்ரோலர் வந்த பிறகு இந்தத் தலைவலியெல்லாம் கிடையாது.

உண்மை: நேரக் கணக்கின் தலைவலி தீரும். மோட்டாரின் தலைவலி அப்படியே இருக்கும். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு காலில் 20 மில்லிஆம்பியருக்கு மேல் வாங்கக் கூடாது. அதே சுவிட்ச், அதே டையோடு, அதே தனி ஒயர் இங்கேயும் வேண்டும். 5 வோல்ட்டில் முழுமையாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

சோதிப்பதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் டைமரை எல்இடியோடு மட்டும் ஓட்டி நேரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு டைமரைக் கழற்றிவிட்டு, மாஸ்ஃபெட்டின் கேட்டைக் கையாலேயே 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் மாற்றி மாற்றித் தொட்டு மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் தேறி, சேர்த்த பிறகு மட்டும் தகராறு என்றால், புது ஐசி வாங்கக் கடைக்குக் கிளம்பாதீர்கள். சப்ளை ஒயரையும் அந்த மூன்று கெப்பாசிட்டர்களையும் பாருங்கள்.