பொது நாணயத்தை விட்டு விலகுதல் தகுமா?

நாணயம் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் பயந்து நிற்கின்றது. கையிற் புழங்கும் காசும் நாணயம்; சொன்ன சொற் பிறழாத ஒழுக்கமும் நாணயம். காகிதத் துண்டொன்றைக் கொடுத்து அரிசி வாங்குகின்றவனையும், அதனை ஏற்று அரிசி அளக்கின்றவனையும் பிணைத்து நிற்பது, நாளையும் இதற்கு மதிப்புண்டு என்னும் நம்பிக்கையே. ஆதலின் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியமை பொருத்தமே. பல நாடுகள் கூடி ஒரே நாணயத்தை வழங்குமிடத்து அந்நம்பிக்கை நாட்டெல்லையையும் கடந்து விரிகின்றது. அந்நாடுகளுள் ஒன்று கடனால் நொடித்து இடருறுங் காலத்தில், அப்பொது நாணயத்தைத் துறந்து தனி நாணயம் வகுத்துக்கொள்ளுதல் தகுமோ, தகாதோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இதற்குக் கிரேக்க நாட்டின் வரலாறு சிறந்த சான்றாகும்.

1. பொது நாணயத்தால் வந்த நன்மையும் தீமையும்

1999-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ஐரோப்பாவில் 11 நாடுகள் யூரோ என்னும் பொது நாணயத்தை மேற்கொண்டன. 2001-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி கிரேக்க நாடு பன்னிரண்டாவதாக அவற்றோடு சேர்ந்தது. அந்நாட்டின் பழைய நாணயமாகிய டிராக்மா 340.75 கொண்டது ஒரு யூரோ என மாற்று விகிதம் வரையறுக்கப்பட்டது. 2002-ம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய நோட்டுகளும் காசுகளும் மக்கள் கைக்கு வந்தன.

இதனால் வணிகர்க்கு மாற்றுக் கூலியும் மாற்று நட்டமும் ஒழிந்தன. சர்க்காருக்கோ அதனினும் பெரிய ஊதியம் கிட்டியது. கடன் கொடுப்போர், நாணயம் ஒன்றாயின் நம்பகமும் ஒன்றே என்று கருதினர். ஆகவே ஜெர்மனி கொடுத்த வட்டியினும் சிறிதே மிகுந்த வட்டிக்குக் கிரேக்க நாடும் கடன் பெறலாயிற்று. நாணயம் ஒன்றாயினும் பொக்கிஷங்கள் வெவ்வேறு என்பதனைக் கொடுத்தவரும் எண்ணிலர், வாங்கியவரும் எண்ணிலர்.

இனி, இதனால் இழந்தது யாதெனின் கூறுதும். தனி நாணயமுள்ள நாடு இடருறின், அதன் நாணயத்தின் மதிப்பு வெளிநாட்டுச் சந்தையில் இறங்கும். அப்பொழுது அந்நாட்டுச் சரக்குகள் அயலார்க்கு மலிவாகும். அங்கு யாத்திரை செல்வோரும் மிகுவர். தொழில் மெல்ல மெல்ல உயிர்க்கும். பொது நாணயமுள்ள நாட்டிற்கோ இவ்வழி அடைபட்டது. விலைகள் இறங்கவேண்டுமாயின் கூலியையும் பென்ஷனையுமே நேராகக் குறைத்தல் வேண்டும். முன்னையது எல்லோர்மேலும் ஒருங்கே பரவும் சுமை. பின்னையது வேலையிழப்பாய்ச் சிலர்மேல் முழுதும் விழும் சுமை.

2. நெருக்கடி

2009-ம் ஆண்டு அக்டோபரில் பதவியேற்ற புதிய சர்க்கார், நாட்டின் வரவுசெலவில் விழுந்த துண்டு முன்னர்ச் சொல்லப்பட்டதனினும் மிகப் பெரிதென்று வெளியிட்டது. அது நாட்டு வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல் என்பது இறுதிக் கணக்கிற் புலனாயிற்று. கடன் கொடுப்போர் கைவிட்டனர். 2010-ம் ஆண்டு மே மாதம் யூரோ நாடுகளும் சர்வதேச நாணய நிதியும் சேர்ந்து 11,000 கோடி யூரோ கடன் தர இசைந்தன. வரியை உயர்த்துதல், சம்பளத்தையும் பென்ஷனையும் குறைத்தல் என்பன அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். 2012-ம் ஆண்டில் தனியார் கொடுத்த கடனின் முகமதிப்பிற் பாதிக்கு மேல் தள்ளப்பட்டது. எனினும் நாட்டு வருமானம் ஏறத்தாழக் காற்பங்கு சுருங்கிற்று. 2013-ம் ஆண்டில் வேலை தேடுவோர் நூற்றுவருள் இருபத்தெழுவர்க்கு மேற்பட்டோர் வேலையற்றிருந்தனர். எம்மையொத்த இளைஞருள்ளோ பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையினர். கல்லூரிப் படிப்பை முடித்த பலர் பிழைப்பு நாடித் தாய்நாட்டை விட்டகன்றனர்.

2015-ம் ஆண்டு ஜனவரியில் சிப்ராஸ் என்பார் பிரதம மந்திரியானார். கடன் கொடுத்தோருடன் நடந்த பேச்சு முறிந்தது. ஜூன் 29-ந் தேதி பாங்கிகள் மூடப்பட்டன. ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோவே யந்திரத்தினின்று எடுக்கலாமென்று கட்டளை பிறந்தது. ஜூலை 5-ந் தேதி நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபத்தொருவர் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை மறுத்தனர். ஆயினும் யூரோவைக் கைவிடலாமா என்பது அவ்வாக்குச் சீட்டிற் கேட்கப்பட்ட கேள்வி அன்று. ஜெர்மன் நிதி இலாகாவோ, கிரேக்க நாடு ஐந்தாண்டேனும் யூரோவினின்று விலகியிருக்கலாமென ஓர் ஏற்பாட்டை எழுதி வைத்தது. முடிவில் ஜூலை 13-ந் தேதி கிரேக்க சர்க்கார் கடிய நிபந்தனைகளுக்கு இணங்கி, 8,600 கோடி யூரோ வரையிற் புதுக்கடனுக்கு வழிசெய்துகொண்டு, யூரோவிலேயே நிலைத்தது. பாங்கிகள் மூன்று வாரம் கழித்தே திறந்தன.

3. விலகுக என்பார் கூற்று

விலகியிருத்தல் வேண்டும் என்பார் ஆர்ஜென்டீனாவை எடுத்துக்காட்டுவர். அந்நாடு 1991-ம் ஆண்டில் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டத்தாற் பிணித்துக்கொண்டது. அது பொது நாணயம் அன்றாயினும் அதனை ஒத்த கட்டே. 2001-ம் ஆண்டு டிசம்பரில் பாங்கியினின்று வாரத்திற்கு 250 பெசோவே எடுக்கலாமென்று விதி செய்யப்பட்டது. தெருக்களிற் கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன. ஜனாதிபதி பதவி துறந்தார். 2002-ம் ஆண்டு ஜனவரியில் கட்டு அறுக்கப்பட்டது. 2003 முதல் அந்நாடு சில ஆண்டுகள் விரைந்து வளர்ந்தது என்பது உண்மையே.

ஆனால் அவ்வளர்ச்சிக்கு முன் நிகழ்ந்ததனையும் நோக்குதல் வேண்டும். பாங்கியில் 100 டாலர் வைத்திருந்தவனுக்கு 140 பெசோ எனக் கணக்கு மாற்றப்பட்டது. சில மாதங்களில் ஒரு டாலர் 3 பெசோவுக்கு மேல் விற்கவே, அவன் சேமிப்பு 50 டாலருக்குங் குறைந்தது. 2002-ம் ஆண்டில் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டின் கீழாயினர். அன்றியும் ஆர்ஜென்டீனாவிற் பெசோ நோட்டுகள் முன்னரே மக்கள் கையில் இருந்தன. கிரேக்கரோ புதிதாய் அச்சிடல் வேண்டும். அதற்கு மாதங்கள் செல்லும்.

4. விலகற்க என்பார் கூற்று

விலகலாகாது என்பதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, கடன் யூரோவில் உள்ளது. புதிய டிராக்மாவின் மதிப்புப் பாதியாய் இறங்கின், 100 டிராக்மாவாயிருந்த கடன் 200 ஆகும். 2012-ல் மாற்றிக் கொடுத்த பத்திரங்கள் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. கிரேக்கப் பார்லிமெண்டு தன் சட்டத்தால் அவற்றை டிராக்மாவாக்குதல் இயலாது.

இரண்டாவது, எண்ணெய், மருந்து முதலிய பண்டங்களுக்கு அந்நாடு பெரிதும் வெளிநாட்டையே நம்பியுள்ளது. நாணயம் இறங்கிய மறுநாளே அவற்றின் விலை ஏறும். ஏற்றுமதி பெருகுவதோ ஆண்டுகள் கழித்தே.

மூன்றாவது காரணமே எமக்குத் தலையாயதாய்த் தோன்றுகின்றது. விலகப்போகின்றனர் என்னும் பேச்சு எழுந்த அளவிலேயே மக்கள் பாங்கிப் பணத்தை வாங்கத் தலைப்படுவர். 2014-ம் ஆண்டின் இறுதி தொடங்கி 2015-ம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் கிரேக்கப் பாங்கிகளினின்று வெளியேறிய தொகை 4,000 கோடி யூரோவுக்கு மேற்பட்டது. செல்வர் தம் பொருளை அயல்நாட்டுப் பாங்கிகளிற் சேர்த்தல் எளிது. பாங்கி வாயிலில் வரிசையில் நின்ற பென்ஷன் பெறும் முதியோர்க்கு அவ்வழியில்லை. ஆகவே நெருக்கடியின் நடுவில் விலகுங்கால், மதிப்பிழந்த நாணயத்தைக் கையிற் கொண்டு நிற்பவர் பெரும்பாலும் எளியோரே. விலகுதல் கடனை அழிப்பதன்று. அதனை ஒருவர் தோளினின்று மற்றொருவர் தோளுக்கு மாற்றுவதே.

5. அமைதியிற் பிரிதல்

பொது நாணயத்தினின்று பிரிதல் எஞ்ஞான்றும் இயலாதோ எனின், அற்றன்று. 1993-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி செக்கோஸ்லோவாகியா இரு நாடுகளாயிற்று. நாணயம் சிலகாலம் பொதுவாயிருக்குமென எண்ணினர். பணம் ஒரு பக்கமே ஓடத் தொடங்கவே, பிப்ரவரி 8-ந் தேதி நாணயத்தையும் பிரித்துக்கொண்டனர். பழைய நோட்டுகளின்மேல் தலை ஒட்டி இன்ன நாட்டினது என்று அடையாளமிட்டனர். சொத்தும் கடனும் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என உடன்பாட்டாற் பங்கிடப்பட்டன. இரு திறத்தாரும் இசைந்தமையாலும், விரைந்து செய்தமையாலும், பேரிடர் நேரவில்லை. கிரேக்கர்க்கு இவ்வசதிகளுள் ஒன்றும் இல்லை. யூரோவை மட்டும் விட்டு விலகுதற்கு ஐரோப்பிய உடன்படிக்கைகளில் விதியே வகுக்கப்படவில்லை.

6. எமது துணிபு

ஆகவே, 2015-ல் கிரேக்கர் விலகாமை நன்றே என்பது எமது துணிபு. ஆயின் அதனாற் கடன் கொடுத்தோர் கொள்கை முற்றும் நேரியதென்று கொள்ளற்க. கிரேக்க நாடு 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி உதவிக் கடன் திட்டத்தினின்று வெளியேறியது; பணப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் 2019-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முற்றும் நீங்கின. எனினும் 2008-ல் இருந்த உண்மை வருமானத்தைப் பதினைந்தாண்டு கழிந்தும் அந்நாடு எட்டவில்லை. இத்துணை நெடிய துன்பத்தை ஒரு நாட்டு மக்கள் மட்டுமே சுமத்தல் முறையோ? ஆராயாது வாங்கியவன் குற்றவாளியாயின், ஆராயாது கொடுத்தவனும் அக்குற்றத்திற் பங்குடையவனே. 2012-ல் தள்ளிய கடனை 2010-லேயே தள்ளியிருப்பின் துன்பம் குறைந்திருக்குமென்று கருதுவோர் பலர். யாமும் அங்ஙனமே கருதுகின்றோம்.

நாணயத்தை மட்டும் பொதுவாக்கி, நட்டத்தைத் தனித்தனியே வைத்தல் நிலையாது. பொது நாணயத்திற் சேர்வோர், சேருமுன்னரே, இடர் வந்துழி யார் எவ்வளவு சுமப்பது என்பதனையும், பிரிய நேரின் எங்ஙனம் பிரிவது என்பதனையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அதனைச் செய்யாது சேர்ந்தபின், வெள்ளம் பெருகிய நாளில் வெளியேறுக என்று கூறுவதும், எல்லாச் சுமையும் நீயே தாங்குக என்று கூறுவதும் ஒருபடித்தாய் அறமல்லாதன. காசாகிய நாணயம் பல நாட்டார்க்குப் பொதுவாய் நிலைபெற வேண்டுமாயின், ஒழுக்கமாகிய நாணயமும் வாங்குவார்க்கும் கொடுப்பார்க்கும் பொதுவாதல் வேண்டும்.