கடலைக் கொல்லையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்

சொந்தமாகக் கட்டிய சிறு விமானம் வானத்தில் நின்றுபோனால் எல்லாரும் இன்ஜினைத்தான் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை, டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோல் வரும் வழியில்தான் பெரும்பாலும் கோளாறு. இன்ஜின் தொழிற்சாலையில் சோதித்து வருவது. குழாயும் வால்வும் ஃபில்டரும் கட்டுபவர் தன் யோசனைப்படி பொருத்துபவை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது அப்படிப்பட்ட லாங்-ஈஸி விமானத்தில்தான். டாங்கி மாற்றும் வால்வை அதைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடலை வளைத்தபோது விமானம் கட்டுப்பாடு இழந்தது என்றது விசாரணை. அதனால், யாருடைய விமானமானாலும் நான் முதலில் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த வால்வைத் தேடுவேன். கை எட்டாவிட்டால் பறக்கமாட்டேன்.

அடுத்தது அளவு. ரோட்டாக்ஸ் 582 இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். விமானத்தின் மூக்கை ஏறுமுகமாகத் தூக்கி நிறுத்தி, டாங்கியில் கொஞ்சமே பெட்ரோல் விட்டு, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றிக் கேனில் பிடியுங்கள். பம்ப் உள்ள விமானமானால் தேவையில் 125 சதவீதமும், மேல் டாங்கியிலிருந்து தானாக இறங்குவதானால் 150 சதவீதமும் வர வேண்டும். பம்ப் உள்ள 582-க்கு நிமிடத்தில் அரை லிட்டருக்குச் சற்று மேல். சமதரையில் தாராளமாக ஓடும் பெட்ரோல், மூக்கு தூக்கியதும் சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸ் 912-க்குக்கூட 10 சதவீதம்தான் வரம்பு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும், டாங்கியின் உட்பூச்சைக் கரைக்கும். ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம், காணிப்பாக்கத்துக்கு மேற்கே எனக்கு இன்ஜின் நின்றதும் இதனால்தான். கைமாறி வந்த விமானம். உட்பூச்சு ஏடு ஏடாகக் கழன்று ஃபில்டரை அடைத்திருந்தது பிரித்தபோது தெரிந்தது.

நின்றது என்றாலும் உடனே நிற்கவில்லை. இருமியது, பிறகு பாதி பலத்தில் இழுத்தது. இந்தப் பாதி இழுப்புதான் ஆளைக் கொல்வது. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று ஆசை காட்டி, மரங்களுக்கு மேலே வந்ததும் கைவிட்டுவிடும். துணை பம்பைப் போடுங்கள், மறு டாங்கிக்கு மாற்றுங்கள். பலிக்காவிட்டால் இன்ஜின் செத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு எட்டுகிற நிலத்தில் இறங்குங்கள். இதற்கெல்லாம் முன்னால் மூக்கை இறக்க வேண்டும். துணி போர்த்திய மைக்ரோலைட்டில் இரண்டு மூன்று நொடியில் வேகம் போய்விடும். 300 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் மிதக்கலாம், திரும்பினால் அதுவும் குறையும். கிளம்பியவுடனே நின்றால் ரன்வேக்குத் திரும்பப் பார்க்காதீர்கள். நேர் எதிரே, கொஞ்சம் இடம் வலம், அவ்வளவுதான்.

எதிரே என்ன இருக்கிறது என்பது சித்தூர்ச் சீமையில் பருவத்தைப் பொறுத்தது. மாந்தோப்பு மேலிருந்து பச்சைப் பாயாகத் தெரியும், கீழே அடிமரங்கள். ஆளுயரம் தாண்டிய கரும்பு வரப்பையும் பாறையையும் மறைத்துவிடும். நாற்று நட்ட சேற்றில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். கோடையில் வற்றிய ஏரி மைதானம்போல் அழைக்கும், ஆனால் உள்ளே சீமைக் கருவேலம். நல்ல இடம் ஐப்பசி, கார்த்திகையில் கடலை பிடுங்கிய மேட்டுக் கொல்லை. உழவுசால் போன திசையிலேயே இறங்க வேண்டும். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, அதைத் தேடாதீர்கள். பம்ப்செட் கொட்டகையைத் தேடுங்கள். கொட்டகை இருந்தால் கம்பி வந்தே தீரும். பறக்கும்போதெல்லாம் எட்டுகிற தூரத்தில் ஒரு கொல்லையைப் பார்த்து வைத்துக்கொண்டே போவது என் வழக்கம்.

காற்றின் திசையை வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகை சொல்லும். 60 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொடும் விமானம், 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 40-இல் தொடும். காற்றோடு இறங்கினால் 80. வேகம் இரண்டு மடங்கு, மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு.

விமானம் தரையில் நின்றதும் பெட்ரோல் வால்வை மூடி, இக்னிஷனை அணைத்து, விலகி நில்லுங்கள். சற்று நேரத்தில் ஊரே கூடிவிடும். பீடி பிடிப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லத் தெலுங்கில் நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். அன்று நான் இறங்கிய கொல்லைக்குச் சொந்தக்காரரான பெரியவர் என்னிடம் தமிழில் கேட்டார்: "அடி கிடி படலியே தம்பி? போன வாரம்தான் கடல புடுங்கினோம்."

அங்கிருந்தே மறுபடி கிளம்பலாமே என்று சிலர் சொன்னார்கள். நின்ற காரணம் தெரியாத இன்ஜினை மேலே கொண்டுபோகக் கூடாது. தகவல் சொல்ல வேண்டிய அதிகாரிகளுக்குச் சொல்லி, அனுமதி வந்தபின் பெட்ரோலை வடித்து, இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றினோம். டாங்கியும் குழாய்களும் முழுக்க மாற்றி, மூக்கைத் தூக்கி நிறுத்திக் கேனில் அளந்த பிறகுதான் அந்த விமானம் மறுபடி பறந்தது.