மூன்று நிறம் போதும்

பெரும்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மாதக் கணக்கை எக்செலில் போடுவது என் பொறுப்பு. லாரித் தண்ணீர், பொது மின்சாரம், மற்றவை என்று செலவு ஏறி இறங்குவதை ஒரு வரைபடமாக்கி, ஜெராக்ஸ் எடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவோம். வாட்ஸ்அப்பிலும் போகும். நின்று படிப்பவர்களில் பெரியவர்கள்தான் அதிகம்.

ஒவ்வொரு படத்துக்கும் உட்கார்ந்து நிறம் தேடக் கூடாது. கோப்புக்கே ஒருமுறை அமைத்துவிட வேண்டும். ‘பேஜ் லேஅவுட்’டில் ‘கலர்ஸ்’, அதன் அடியில் ‘கஸ்டமைஸ் கலர்ஸ்’. அங்குள்ள ‘ஆக்சென்ட் 1’ முதல் 6 வரையிலான நிறங்களைத்தான் வரைபடம் வரிசையாக எடுத்துக்கொள்ளும். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சார்ட்ஸ்’, ‘டிஃபால்ட் கலர்ஸ்’ என்று போகலாம். பத்திகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தண்ணீருக்கு முன்னால் புதுப் பத்தி நுழைந்தால் போன மாதம் நீலமாக இருந்த தண்ணீர் இந்த மாதம் ஆரஞ்சாகிவிடும்; படிப்பவர் குழம்பிப்போவார்.

எந்த நிறங்கள்? சிவப்பும் பச்சையும் அருகருகே வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் பிறவியிலேயே பலருக்கு உண்டு, ஆண்களுக்குக் கூடுதலாக. அவர்களில் பலர் அதை வெளியே சொல்வதில்லை. ஜெராக்ஸிலும் இதே சிக்கல்தான்: முழுச் சிவப்பும் (255, 0, 0) கரும்பச்சையும் (0, 128, 0) ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் மசடகா ஒகாபேயும் கெய் இட்டோவும் எல்லாக் கண்களுக்கும் பிரிந்து தெரியும்படி 8 நிறங்களைத் தொகுத்திருக்கிறார்கள். அதிலிருந்து நான் எடுத்தவை நீலம் (0, 114, 178), ஆரஞ்சு (230, 159, 0). மூன்றாவதாக, ‘மற்றவை’க்கு ஒரு வெளிர்சாம்பல் (217, 217, 217). இந்த மூன்றும் கறுப்பு வெள்ளையிலும் தனித்தனியாக நிற்கும். அதே தொகுப்பிலுள்ள வான்நீலத்தை ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கணினித் திரையில் அழகாக இருக்கும், ஜெராக்ஸில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சிவப்பை நான் எச்சரிக்கைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். வானிலை மையத்தின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பார்த்துப் பழகிய ஊர் இது. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்டவர்களுக்குச் சிவப்பு என்றால் ஆபத்து. அதைச் சாதாரண மின்கட்டணத்துக்குக் கொடுத்தால், செலவு கைமீறிப்போனதாக நினைத்துக்கொள்வார்கள். கறுப்பும் சிவப்பும் மேலும் கீழுமாகச் சேர்ந்தால் நம் ஊரில் அது கட்சிக் கொடி. சங்கக் கணக்கில் அந்தப் பேச்சே எழக் கூடாது.

நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. ஓரத்தில் நிறக்குறிப்புப் பெட்டி வைப்பதைவிட, கோட்டின் நுனியிலேயே ‘லாரித் தண்ணீர்’ என்று எழுதிவிடுங்கள். எழுத்து எப்போதும் கறுப்பில் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.