மச்சாவதாரமும் உலகோர் வழங்கும் பிரளயக் கதைகளும்

பெருவெள்ளத்தில் உலகம் மூழ்கிற்று, ஓடமேறிய சிலரே உய்ந்தனர் என்னும் வரலாறு பாரத நாட்டுக்கு மட்டும் உரியதன்று. யூதர்களின் மறையில் அது நோவாவின் பேழையாக விளங்குகின்றது. கிரேக்கர் அதனை டியூகாலியன் கதையாகக் கூறினர். நினிவே நகரத்து இடிபாடுகளிலிருந்து எடுத்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்க்கப்பட்ட களிமண் பலகைகளிலும் அத்தகைய கதை இருப்பதை 1872-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் அறிஞர் படித்தறிந்தார். கில்காமேஷ் என்னும் பாபிலோனியக் காவியத்தின் பகுதி அது.

இதனைக் கேட்கும் அன்பர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். எல்லா நாட்டிலும் உள்ள கதையாயின், மச்சாவதாரத்திற்குத் தனிச் சிறப்பு யாது?

கதைகளை ஒப்புநோக்குவோர் ஒற்றுமையைக் கண்டவுடன் நின்றுவிடலாகாது. வேற்றுமை எங்கே என்றும் வினவ வேண்டும். பாபிலோனியர் கதையிலும் நோவாவின் கதையிலும் ஓடத்திலிருந்து பறவைகளை விட்டு, நீர் வடிந்ததா என்று அறிகின்றனர். இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையவை என்பது அறிஞர் கருத்து. ஆயினும் வெள்ளத்தின் காரணம் வேறாகின்றது. மாந்தரின் ஆரவாரத்தால் உறக்கம் கெட்ட என்லில் என்னும் தேவன் சினந்ததாகப் பாபிலோனியரின் அத்ராஹஸிஸ் காவியம் கூறும். உலகில் கொடுமை மலிந்ததே காரணம் என்பது நோவாவின் வரலாறு.

நம் நாட்டு நூல்களுக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. சதபத பிராமணத்தில், கைகழுவும் நீரில் வந்த சிறு மீன் மனுவிடம் அடைக்கலம் கேட்கிறது; அது திருமால் என்று அந்நூல் சொல்லவில்லை. மகாபாரத வனபர்வத்தில் அம்மீன் தன்னைப் பிரம்மா என்று அறிவிக்கிறது. ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்திலோ மீனாக வந்தவன் ஸ்ரீமந் நாராயணனே. அவனைக் கையில் ஏந்தியவன் திராவிட தேசத்து மன்னன் சத்தியவிரதன். இடம் கிருதமாலை ஆற்றங்கரை. அவ்வாற்றை வைகையோடு இணைத்துக் கூறுவது மரபு. மதுரையில் கிருதுமால் நதி என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

பாகவதம் கூறும் வெள்ளம் சினத்தால் விளைந்ததன்று. பிரம்மாவின் உறக்கத்தில் நிகழும் நைமித்திகப் பிரளயம் அது. மூலிகைகளும் வித்துக்களும் ஏற்றப்பட்டு, ஸப்தரிஷிகள் உடன்வர, ஓடம் வாசுகியாகிய கயிற்றால் மீனின் கொம்பில் பிணைக்கப்படுகிறது. ஓடம் மிதக்கும்போதே அரசனுக்குத் தத்துவ உபதேசமும் கிடைக்கிறது.

எல்லாவற்றினும் மேலானது கதையின் தொடக்கம். பிற கதைகளில் காப்பவன் எச்சரிப்பவனாகவே வருகிறான். இங்கோ, உலகைக் காப்பவன் பெரிய மீன்களுக்கு அஞ்சும் சிறு மீனாய் வந்து, தன்னைக் காக்குமாறு வேண்டுகிறான். யாரென்று அறியாமலே அரசன் இரங்கிக் கலசத்து நீரில் இடுகிறான். எளிய உயிரிடம் காட்டிய அவ்விரக்கத்தை எம்பெருமான் தனக்கே செய்ததாக ஏற்றான். பெரியோர் ஸௌலப்யம் என்று போற்றும் குணம் இதுவே.

ஆதலின் பிறநாட்டுக் கதைகளைக் கற்பதால் பக்திக்குக் குறைவு நேராது. அவரவர் கதையில் அவரவர் நெஞ்சம் விளங்கும்; அதனை இகழாது கேட்டல் தகும். அவற்றோடு வைத்து நோக்கும்போதே நம் கதையின் சிறப்பும் தெளிவாகின்றது. தசாவதார சந்நிதியில் மச்சமூர்த்தியைச் சேவிப்போர், அவன் முதலில் கையளவு மீனாகவே வந்தான் என்பதை நினைவிற் கொள்வாராக.