வெனியர் ஒட்டுவதற்கு முன் பசையைத் தெரிந்துகொள்வோம்

தேயிலைப் பெட்டியை நம் தோட்டங்களின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் பறித்த கொழுந்து தூளாகி, உள்ளே பளபளக்கும் தகட்டுத்தாள் விரித்த அந்தப் பெட்டியில் ஏறித்தான் கப்பலுக்குப் போனது. அதன் பலகை ஒரே மரத்துண்டு அல்ல. மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையால் ஒட்டியது. இந்த மர ஏட்டுக்குத்தான் வெனியர் என்று பெயர்.

ஒரு காலத்தில் லண்டனிலிருந்த வெனெஸ்டா கம்பனி இந்தப் பலகையை எஸ்டோனியா நாட்டிலிருந்து இறக்கி விற்றது. 1907இல் தென்துருவப் பயணம் போன ஷேக்கிள்டன் சாமான் கொண்டுபோனதும் வெனெஸ்டா பெட்டிகளில்தான். பின்னர் காலிக்கு அருகே கிந்தோட்டையில் நம் நாட்டு அரசும் இதற்கென ஆலை நடத்தியது. இப்போது பெட்டிக்குப் பதில் கடதாசிப் பைகள் வந்துவிட்டன.

அந்தப் பெட்டி சொல்லும் பாடம் இன்றைக்கும் உதவும். கடல் ஈரத்தில் பசை விட்டுவிடக் கூடாது. அதன் வாடை தேயிலையில் ஏறவும் கூடாது. ஆகவே, பொருள் எங்கே இருக்கப்போகிறது என்று பார்த்தே பசையைத் தெரிவு செய்ய வேண்டும்.

தச்சு வேலை பழகும் நம் பிள்ளைகள் சாதாரணப் பலகையில் வெனியர் ஒட்டி மேசை, அல்மாரி செய்கிறார்கள். மழைக்காலம் வந்ததும் மேலே கொப்புளம் போடுகிறது, ஓரம் உரிகிறது. "பலகை சரியில்லைங்க" என்பார்கள். அநேகமாகப் பிழை பசையில் இருக்கும், அல்லது ஒட்டிய நேரத்தில் இருக்கும்.

1. வெள்ளைப் பசை

கடையில் பைண்டர் கம் என்று கேட்டாலும் தருவார்கள். வீட்டுக்குள் வைக்கும் தளபாடத்துக்கு இதுவே போதும். கெட்ட வாடை இல்லை, தீப்பற்றாது, ஈரமாக இருக்கும்போது கையைத் தண்ணீரில் கழுவலாம். நீர் வற்றித்தான் இது இறுகும். இதற்குக் குளிர் ஆகாது. சுமார் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் பெரும்பாலான வெள்ளைப் பசைகள் சரியாகப் பிடிக்காமல், காய்ந்ததும் சுண்ணாம்புத்தூள் போல வெளுத்துவிடும். லிந்துலையில் தை, மாசிப் பனி இரவுகள் எப்படியென்று நமக்குத் தெரியும். அந்திக்கு ஒட்டிவிட்டு இஸ்தோப்பில் விடாதீர்கள். வெயிலுள்ள நாளில் காலையிலேயே ஒட்டி, இரவில் காம்பராவுக்குள் வையுங்கள். தண்ணீர் படும் கதவுக்கும் வெளி வேலைக்கும் சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம்.

2. வச்சிரம்

தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய காலத்துப் பசை. இரவு நீரில் ஊறவைத்து, கொதிக்க விடாமல், சுடுநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்க வேண்டும். சூடு காட்டினால் மீண்டும் இளகும். பழைய தளபாடம் திருத்த அது வசதி. ஆனால் ஈரக் காற்றில் தளர்ந்துபோகும். நம் மலைப்பக்க மழைக்குப் புதுச் சாமானில் இதை நம்ப முடியாது.

3. ரப்பர் பசை

இரு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுச் சேர்ப்பது. சேர்ந்த பிறகு நகர்த்த முடியாது. ஃபோர்மைகாவுக்கு நல்லது. மர வெனியர் ஈரத்துக்கு விரிந்து சுருங்குவதால், நாளடைவில் இதில் நழுவி எழும்பும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: இதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுப்படிக்குப் போய்ப் பற்றிக்கொள்ளும். ஒரே காம்பராவில் அடுப்பும் பிள்ளைகளும் இருக்கும் லயத்தில் இதை ஒருபோதும் உள்ளே பாவிக்கக் கூடாது.

4. தூள் பசை

யூரியா ஃபோமல்டிஹைட் என்பது. தண்ணீரில் குழைத்தால் கல் போல இறுகும். பலகை ஆலைகள் பாவிப்பது இந்த வகைதான். இதிலிருந்து வரும் ஃபோமல்டிஹைட் வாயு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. காற்றோட்டமுள்ள பட்டறைக்கு விட்டுவிடுவோம்.

ஒட்டும் முறை

பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தூசி துடைத்துப் பலகையில் மட்டும் பசையை மெல்லியதாக, விடுபடாமல் பூசுங்கள். வெனியரில் பூசினால் சுருண்டுவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். மேலே பொலித்தீன் தாள், அதன்மேல் தட்டையான பலகை, அதன்மேல் அரிசி மூட்டையோ கல்லோ பாரமாக வைத்து ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். அடிப்பக்கத்திலும் மலிவான வெனியர் ஒட்டுவது நல்லது.

வெள்ளைப் பசையில் சிறு கொப்புளம் வந்தால் பயப்பட வேண்டாம். மேலே துணி போட்டு, மிதமான சூட்டில் அயன் பெட்டியால் அழுத்தி, ஆறும்வரை பாரம் வையுங்கள். அநேகமாகப் படிந்துவிடும்.

முதலில் ஒரு சிறு துண்டுப் பலகையில் ஒட்டி, மறுநாள் நகத்தால் கிளப்பிப் பாருங்கள். மர நார் கிழிந்து வந்தால் பசை பிடித்திருக்கிறது. வெனியர் சுத்தமாகக் கழன்று வந்தால் பிடிக்கவில்லை. கஷ்டப்பட்டு உழைத்த சல்லியில் வாங்கும் வெனியர். அதை வெட்டுவதற்கு முன் இந்த ஒரு நாள் பொறுப்போம்.